ரொசெட்டோவில் ஒரு பெயரைத் தேடி

என் கணவரின் கொள்ளுத்தாத்தா, தென் இத்தாலியின் ஃபோஜ்ஜா மாகாணத்திலுள்ள ரொசெட்டோ வல்ஃபோர்த்தோரே என்னும் மலையூரிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சென்று, அங்கே சிலேட்டுக் கல் குவாரியில் வேலை பார்த்தவர். 1882 முதல் இவ்வூரார் பலர் அங்கே சென்று, குடியேறிய இடத்துக்கும் ரொசெட்டோ என்றே பெயரிட்டார்கள்.

நெப்போலியன் காலத்தில், 1809இல், அப்போது அப்பகுதியை ஆண்ட நேப்பிள்ஸ் அரசு பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியத் தொடங்கியதால், தேடுவதற்கு ஆவணம் இருந்தது, சிக்கல் பெயரில்தான். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது அங்கே வழக்கம் என்பதால், பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றாகவே உள்ள நான்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் பதிவேட்டில் வரிசையாக நின்றார்கள். ‘பெயரன்’தானே ‘பேரன்’ ஆனான்? எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. கணவர்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்களைக் கரையேற்றியவர்கள் பெண்கள். இத்தாலியப் பதிவேடுகளில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பதால், தாயின் பெயரை ஒப்பிட்டு மூவரை விலக்க முடிந்தது. அரசு ஆவணக் காப்பகத்தில், திருமணப் பதிவுக்குரிய இணைப்புத் தாள்களில், மணமகனின் தந்தை முன்பே இறந்திருந்ததால் தாத்தாவின் இறப்புச் சான்றும் சேர்க்கப்பட்டிருந்தது; ஒரே தாள்கட்டுக்குள் மூன்று தலைமுறை கிடைத்தது. மை மங்கிய அந்தத் தாளில், தொழில் என்ற இடத்தில் ‘உழவர்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பழைய வீடு இருந்த சந்தில் கதவு பூட்டிக் கிடந்தது. கணவர் அதன் கல் நிலையைத் தொட்டபடி நெடுநேரம் நின்றார்.