எழுத்து சொல்லாததை வரைவது

கதைகளுக்கும் நூல்களுக்கும் படம் வரையும் இல்லஸ்ட்ரேஷன் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். போர்ட்ஃபோலியோவுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், சேர்ந்த நாளிலிருந்து நிரப்பிய ஸ்கெட்ச் புத்தகங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். கோடு தேறியிருக்கிறது. அதில் வியப்பில்லை, தினமும் வரைந்தால் கை தேறத்தான் செய்யும். வேறொன்றுதான் என் கண்ணில் பட்டது. முதலாண்டுப் புத்தகங்களின் ஓரங்கள் வெறுமையாக இருக்கின்றன. அண்மையில் வரைந்தவற்றிலோ படத்தைச் சுற்றிலும் கேள்விகள். "இவள் ஏன் கதவைப் பார்க்கிறாள்?" "இது காலை வெளிச்சமா, மாலை வெளிச்சமா?" "இதைத்தான் கதையே சொல்லிவிட்டதே, இங்கே எனக்கு என்ன வேலை?" படிப்பு உனக்கு என்ன தந்தது என்று யாராவது கேட்டால் அந்த ஓரங்களைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஒரு பயிற்சி. எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு முதியவர் கடிதம் ஒன்றைப் படிக்கிறார், மடிக்கிறார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அழுகிறார். அவ்வளவுதான். பெரிய படத்தைத் தொடங்குவதற்கு முன்னால் தீப்பெட்டி அளவில் பல அமைப்புகளை வரைந்து பார்ப்பது எங்கள் வழக்கம்; தம்ப்நெயில் என்போம். என்னுடைய தம்ப்நெயில்களில் முதியவரின் முகத்தைப் பல கோணங்களில் வைத்துப் பார்த்திருந்தேன். ஆசிரியர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, அச்சிட்ட பத்தியில் 'அழுகிறார்' என்ற சொல்லுக்கு அடியில் கோடிட்டார். "இதை எழுதியவர் சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டது எது? அதைத் தேடு" என்றார்.

அந்தப் பத்தியை அன்றிரவு மறுபடி மறுபடி படித்தேன். மடிக்கிறார் என்று இருக்கிறது. எப்படி மடிக்கிறார்? உறையில் வந்த கடிதத்தில் ஏற்கெனவே மடிப்புத் தடங்கள் இருக்கும். அந்தத் தடங்களின் வழியே மடித்தால் வந்தபடியே திரும்பிவிடும். அதைவிடச் சின்னதாக மடித்தால்? மடித்த கடிதத்தை மேலும் இரண்டாக, நான்காக மடித்துக் கட்டைவிரல் நகத்தால் தேய்ப்பவர் அதை யாரோ ஒருவர் கண்ணில் படாமல் வைக்க நினைக்கிறார் என்றுதானே பொருள்? முகத்தை விட்டுவிட்டேன். இரண்டு கைகளை மட்டும் வரைந்தேன். அழுத்தத்தில் நகத்தின் நுனி வெளுத்திருக்கிறது. தாளில் பழைய மடிப்பு நேராகவும் புதிய மடிப்பு சற்றுக் கோணலாகவும் ஓடுகிறது. பின்னணியில், படத்தின் விளிம்பில், உள்ளே வரும் ஒருவரின் புடவைத் தலைப்பு கொஞ்சம். சுவரில் ஒட்டியதும் வகுப்பில் விவாதம் கிளம்பியது. வருவது மனைவியா, மகளா? கடிதம் எழுதியவரை அவளுக்குத் தெரியுமா? பத்தியில் இல்லாத ஒரு கதையைப் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கதைக்குப் படம் வரைபவரின் இடம் எது என்று எனக்குப் புரிந்த நாள் அதுதான்.

இதைப் பல தலைமுறைகளுக்கு முன்னரே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ராண்டால்ஃப் கால்டிகாட் (1846–1886) வங்கியில் எழுத்தராக இருந்து ஓவியத்துக்கு வந்தவர். சில வரிகளே உள்ள குழந்தைப் பாட்டுகளைப் பட நூல்களாக்கினார். அவற்றில் ஒன்றில் தட்டும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போவதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. கால்டிகாட் அங்கே நிற்கவில்லை. அடுத்த படத்தில் தட்டு உடைந்து கிடக்கிறது; கத்தியும் முள்கரண்டியும் கரண்டியை நடுவில் வைத்து நடத்திக்கொண்டு போகின்றன. பாட்டில் ஒரு சொல்கூட இதைப் பற்றி இல்லை. முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. 1938 முதல் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சிறந்த குழந்தைப் பட நூலின் ஓவியருக்கு வழங்கப்படும் பதக்கம் இவர் பெயரில்தான் இருக்கிறது. நம் பத்திரிகைகளில் கோபுலு (1924–2015) வரைந்த வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் இதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். எதை வரையாமல் விட்டார் என்று தேடிப் பாருங்கள், அவர் எவ்வளவு பெரியவர் என்பது தெரியும்.

உருவ ஓவிய வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் வரையக் கற்றதைவிடப் பார்க்கக் கற்றதுதான் அதிகம். மாடல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுவார். அதற்குள் கண், மூக்கு என்று போனால் ஒன்றும் மிஞ்சாது. உடல் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு ஏறும். அதே பக்கத்துத் தோள் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் தாளில் விழுந்துவிட்டால் முகமே இல்லாத உருவமும் உயிரோடு நிற்கும். இப்போது யாராவது என்னிடம் பேசும்போதும் அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்கிறேன். "நன்றாக இருக்கிறேன்" என்று வாய் சொல்லும்போது தோள் வேறொன்று சொல்லும். அப்போது இன்னொரு முறை கேட்பேன். முன்பெல்லாம் கேட்டிருக்க மாட்டேன். இந்த மாற்றம் எந்த மதிப்பெண் பட்டியலிலும் வராது. எனக்கு அது பெரியது.

விமர்சன வகுப்பு வேறொரு வகையில் என்னை மாற்றியது. நான் அதிகம் பேசாத ஆள். எங்கள் வகுப்பில் ஒரு விதி இருந்தது. படத்தைச் சுவரில் ஒட்டிய பிறகு வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள்தான் தாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். "அழகாக இருக்கிறது" என்றால் ஆசிரியர் ஏற்க மாட்டார். கண் முதலில் எங்கே போயிற்று, அடுத்து எங்கே போயிற்று, எங்கே தடுமாறியது என்று சொல்ல வேண்டும். ஒருமுறை தோழி ஒருத்தி அடர்ந்த காட்டில் தொலைந்த சிறுவனை நீர்வண்ணத்தில் தீட்டியிருந்தாள். எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. இருந்தாலும் என் கண் சிறுவனிடம் போகவில்லை. வலது மேல் மூலையில் அவள் தீட்டாமல் விட்ட வெள்ளைத் தாளுக்குப் போயிற்று. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்த மூலை மட்டும்தான் தெரிந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று பின்னர் கேட்டாள்.

"அந்த வெள்ளையைச் சிறுவனின் சட்டைக்குக் கொடுத்திருப்பேன்."

அவள் அப்படிச் செய்யவில்லை. மூலையை இருட்டாக்கிவிட்டு, சிறுவனின் காலடியில் மட்டும் மெல்லிய வெளிச்சம் வைத்தாள். நான் சொன்னதைவிட அது பல மடங்கு நன்றாக வந்தது. என் யோசனையைத் தள்ளிவிட்டு என் கவனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நானும் அப்படித்தான். யார் என்ன குறை சொன்னாலும் அவர்கள் தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். தீர்வை நானே தேடுகிறேன்.

பாணியைப் பற்றி ஜூனியர்கள் நிறையக் கேட்கிறார்கள். அதற்கு நான் நேரம் செலவிடுவதில்லை. கதைக்குக் கதை ஒழுங்காகப் பதில் தேடிக்கொண்டு போனால், இரண்டு ஆண்டுகளில் அது தானே வந்து நிற்கிறது.

தொழில்நுட்பப் பாடங்களைச் சலிப்பு என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அச்சு நுட்பம் மிகவும் பிடித்துப்போயிற்று. திரை ஒளியால் வண்ணம் தருகிறது. அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் தருகிறது. திரையில் மின்னும் பச்சையையும் ஊதாவையும் இந்த நான்கு மைகளால் எட்ட முடியாது. தாளில் அவை மங்கித்தான் விழும். இது தெரிந்துவிட்டால் வண்ணங்களை முதலிலிருந்தே வேறு விதமாகத் தேர்ந்தெடுப்போம். அச்சிட்ட படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நம் வானம் முழுவதும் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும். மெல்லிய கோட்டு வேலையைக் கறுப்பு மையில் மட்டும் வைப்பது ஏன் என்பது அப்போது விளங்கும்: நான்கு மைகளிலும் வைத்தால், ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் கோடு கலங்கிவிடும். தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கப் பொதுவாக 3 மி.மீ. கூடுதலாக வரைகிறோம். முக்கியமான முகத்தை இரு பக்கங்களின் நடு மடிப்பில் வைப்பதில்லை. தையல் அதை விழுங்கிவிடும்.

குழந்தைப் பட நூல்களில் பெரும்பாலானவை 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டும் முறையில் பக்கங்கள் எட்டின் மடங்குகளாக வருவதுதான் காரணம். எட்டுத் தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்க மாதிரிப் புத்தகம் தயார், டம்மி என்போம். திரையில் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பதும் டம்மியைக் கையில் வைத்துப் புரட்டுவதும் ஒன்றல்ல. பக்கத்தைத் திருப்பும் அந்த ஒரு கணம் எழுத்திலும் இல்லை, படத்திலும் இல்லை. வாசிக்கும் குழந்தையின் கையில் இருக்கிறது. வலப்பக்கத்தில் ஒரு கேள்வியை விட்டால் குழந்தை அதற்காகவே புரட்டும்.

மூன்றாம் ஆண்டில் ஓர் இதழ் அட்டைப்படம் கேட்டது. என் முதல் தொழில்முறை வேலை. ஒப்பந்தத்தில் "எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்று இருந்தது. காப்புரிமை படத்தை வரைந்த நொடியிலேயே பிறந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் வரும் என்பதில்லை என்று வகுப்பில் படித்திருந்தோம். காப்புரிமை பற்றி நாடுகள் செய்துகொண்ட, 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படை அது. பயன்படுத்த அனுமதி கொடுப்பது வேறு, உரிமையையே எழுதிக் கொடுப்பது வேறு. எனவே கையெழுத்திடும் முன் கேட்டு எழுதினேன். படம் எந்த இதழில் வரும்? இணையத்திலும் வருமா, எவ்வளவு காலம்? வேறு பொருள்களில் அச்சிடும் எண்ணம் உண்டா? எத்தனை முறை திருத்தம்? வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தருவீர்கள்? அனுப்பிவிட்டு, வேலையே கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை. மறுநாள் இதழின் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஓர் இதழ், அதன் இணையப் பதிப்பு, இரண்டு திருத்தங்கள் என்று ஒப்பந்தத்தை மாற்றி அனுப்பியிருந்தார். "தெளிவாகக் கேட்டதற்கு நன்றி" என்றும் ஒரு வரி. பேசவே தயங்கிய எனக்கு அந்தக் கடிதத்தை எழுதும் துணிச்சல் விமர்சனச் சுவருக்கு முன்னால் நின்றதால் வந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

கேட்ட நொடியில் படம் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பற்றி வீட்டில் கேட்கிறார்கள், நண்பர்கள் கேட்கிறார்கள். பயம் எனக்கும் உண்டு. ஓவியர்களின் படைப்புகளை அவர்களிடம் ஒரு சொல் கேட்காமல் அந்த மென்பொருள்களைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வது அநியாயம் என்றே நினைக்கிறேன். கேட்பவர்களிடமெல்லாம் சொல்லியும் வருகிறேன். ஆனால் அந்த முதியவரின் படத்தில் என் நேரம் முழுவதும் போனது அவர் கடிதத்தை யாரிடமிருந்து மறைக்கிறார் என்று கண்டுபிடிப்பதில். வரைந்தது அதற்குப் பிறகு. அந்தக் கேள்வியைக் கதையிடம் போய்க் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கத்தான் இங்கே பயின்றேன்.

இப்போது இறுதித் திட்டமாகச் சொற்களே இல்லாத ஒரு பட நூலைச் செய்துகொண்டிருக்கிறேன். வீடு மாறிப் போகும் இரண்டு சகோதரிகளின் கதை. 22, 23ஆம் பக்கங்கள் இன்னும் அமையவில்லை. அக்கா வண்டியில் ஏறிவிட்டாள். தங்கை இன்னும் வாசலில் நிற்கிறாள். அவள் அக்காவைப் பார்த்து நிற்க வேண்டுமா, முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து நிற்க வேண்டுமா என்று டம்மியை இரண்டு விதமாகவும் மடித்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சுவரில் இரண்டையும் ஒட்டப்போகிறேன்.