எருசலேம்ல கூடாரப் பண்டிகை: கையில குருத்தோலை, கண்ணு முழுக்க கூட்டம்

நம்ம சபைகள்ல, இஸ்ரவேலர் எகிப்துலேருந்து விடுதலையானதை நினைக்கிற பஸ்கான்னா எல்லாருக்கும் தெரியும், பெந்தெகொஸ்தேன்னா கேக்கவே வேணாம், சபைக்குப் பேரே அதான். ஆனா லேவியராகமம் 23ல கடைசியா வர்ற, யூதர்கள் ஏழு நாள் ஓலைக் கூடாரத்துல தங்குற கூடாரப் பண்டிகைன்னா பாதிப் பேருக்கு அது ஏதோ கன்வென்ஷனோட பேருன்னு நெனப்பு. அதைக் கண்ணால பாக்கணும்னுதான் 2022 அக்டோபர்ல எருசலேம் போற குரூப்ல சேந்தேன். டூர் ஏஜென்ட்டு முதல்லயே, பண்டிகை சீசன்ல வேணாம் சிஸ்டர், ஹோட்டல் ரேட்டு ஏறிடும், ரோடு அடைச்சிடுவாங்க, பிப்ரவரில போங்கன்னு சொன்னாரு. எங்க பாஸ்டர் ஐயா ஒத்துக்கல. "கல்லையும் மண்ணையும் எப்ப வேணா பாக்கலாம்மா, பண்டிகையைப் பண்டிகை நாள்லதான் பாக்க முடியும்"னுட்டாரு.

போறதுக்கு முன்னாடி ஐயா ஒரு பாடம் எடுத்தாரு. ஏழு பண்டிகை, அதுல நாலு வசந்த காலத்துல, மூணு இலையுதிர் காலத்துல. முதல் நாலும் நம்ம ஆண்டவர் முதல் தடவை வந்தப்பவே நிறைவேறிடுச்சு, அதாவது பஸ்கா ஆட்டுக்குட்டி அறுக்குற நாளை ஒட்டி சிலுவை, புளிப்பில்லாத அப்பப் பண்டிகைல கல்லறை, முதற்பலன் கதிரை ஆசாரியன் அசைவாட்டுற நாள்ல உயிர்த்தெழுதல், அங்கேருந்து 50வது நாள் பரிசுத்த ஆவியானவர். "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து"ன்னு 1 கொரிந்தியர் 5லயும், "நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்"னு 15லயும் பவுலே எழுதிட்டாரு, அதனால இது யாரும் இழுத்துக் கட்டின விளக்கம் இல்ல. நுணுக்கமா பாத்தா இடிக்கிற இடமும் இருக்கு. கடைசி ராப்போஜனமே பஸ்கா விருந்துன்னு முதல் மூணு சுவிசேஷமும் சொல்லுது, யோவான் படிச்சா மறுநாள்தான் ஜனங்க பஸ்கா சாப்பிடணும்னு வருது. முதற்பலன் நாளை எப்படி எண்ணுறதுங்கறதுல பரிசேயருக்கும் சதுசேயருக்குமே சண்டை. ஆனா பஸ்கா வாரத்துலதான் சிலுவைங்கறதுல நாலு பேருக்கும் சந்தேகமே இல்ல, எனக்கு அது போதும்.

மிச்சம் மூணு. எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை. இதெல்லாம் இரண்டாம் வருகைக்குன்னு நிறைய ஊழியக்காரர்கள் போதிக்கிறாங்க, நானும் அதை நம்புறவதான்.

நாங்க போய் இறங்கினப்ப, யூதர்கள் உபவாசமிருக்கிற பாவநிவாரண நாள் முடிஞ்சிருந்துச்சு. அன்னைக்கு அந்த நாடே நிக்குமாம், ஏர்போர்ட் மூடிடுவாங்க, ரோட்டுல கார் ஓடாது, ஹைவேயில சின்னப் பசங்க சைக்கிள் ஓட்டுவாங்கன்னு கைடு சொன்னாரு. அந்த உபவாசம் முடிஞ்ச ராத்திரியே சுத்தியலை எடுத்துடுவாங்க, கூடாரம் கட்ட. நாங்க பாக்கும்போது எல்லா பால்கனிலயும் கூடாரம், ஹோட்டல் வாசல்ல கூடாரம், கடை முன்னாடி, பார்க்கிங்ல, எங்க பாத்தாலும் கூடாரம்தான். யூதர்கள் அதிகமா இருக்கற ஏரியால பால்கனிகளை ஒண்ணுக்கு நேர் மேல ஒண்ணு வராம விலக்கி விலக்கி கட்டியிருந்தாங்க. ஏன்னா கூடாரத்துக்கு மேல திறந்த வானம்தான் இருக்கணும், இன்னொரு வீட்டுத் தளம் இருந்தா செல்லாது.

எங்க குரூப்ல சாத்தான்குளம் பக்கத்துலேருந்து ஒரு பாட்டியம்மா வந்திருந்தாங்க. ஹோட்டல் கூடாரத்துக்குள்ள தலையை விட்டுப் பாத்துட்டு, "ஏல, இது நம்மூரு கல்யாணப் பந்தல் மாரில்லா இருக்கு, ஆனா ஓலைய நெருக்கி மேயலியே, மழ பெஞ்சா ஒழுவுமே?"ன்னாங்க. ஐயா அதைக் கைடுகிட்ட இங்கிலீஷ்ல கேட்டாரு. அந்த யூதக் கைடு சிரிச்சுட்டு, ஒழுகணும்னுதான் கட்டுறோம், ராத்திரில உள்ள உக்காந்து பாத்தா நட்சத்திரம் தெரியணும்னாரு. வனாந்தரத்துல 40 வருஷம் கூரைய நம்பி இருக்கல, கர்த்தரை நம்பித்தான் இருந்தோம், அதை வருஷம் ஏழு நாள் ஞாபகப்படுத்திக்கணும், அதுக்குத்தான் இதுன்னு விளக்கினாரு. "அப்ப சரிதான்"னு பாட்டியம்மா உள்ள போய் உக்காந்துட்டாங்க, அதுக்கப்புறம் சாப்பாடு பூரா அங்கதான், ரூமுக்கு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம்.

மகானே யெஹுதா மார்க்கெட் பக்கம் போனா அது ஒரு தனி உலகம். லேவியராகமம் 23:40ல அலங்காரமான விருட்சத்தின் கனி, பேரீச்ச ஓலை, தழைத்த மரக்கிளை, ஆற்றலரின்னு நாலு சொல்லியிருக்கே, அந்த நாலையும் விக்கிறாங்க. அந்தக் கனிக்கு இவங்க எடுத்துக்கிறது எத்ரோக்ங்கற ஒரு பெரிய எலுமிச்சை ஜாதிப் பழம், அதுல ஒரு சின்னப் புள்ளி, கீறல் இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து வாங்குறாரு ஒரு பெரியவர், பின்னாடி கியூ நிக்கிது, கடைக்காரர் பொறுமையா அடுத்த பழத்தை எடுத்துக் குடுக்கறாரு. பழுதற்றதா இருக்கணும்னு நாம ஆட்டுக்குட்டியைப் பத்தி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், ஆனா ஒருத்தர் பழுது தேடித் தேடி ஒதுக்குறதை அன்னைக்குத்தான் பாத்தேன்.

அடுத்து பழைய ஆலய வளாகத்துல மிச்சமிருக்கற மேற்குச் சுவர், ஆசாரியர்கள் ஆசீர்வாதம் சொல்ற நாள். ஆயிரக்கணக்குல ஜனம். பெண்கள் பகுதி சின்னது, அதுல நசுங்கிக்கிட்டுதான் நின்னேன், காலை எடுத்தா திரும்ப வைக்க இடமில்ல. ஆரோன் வம்சம்னு சொல்லிக்கிற ஆண்கள் எல்லாம் சால்வையைத் தலைக்கு மேல போத்திக்கிட்டு ஒரே குரல்ல எண்ணாகமம் 6ல வர்ற அந்த ஆசீர்வாதத்தைச் சொல்றாங்க. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." எபிரெயு ஒரு வார்த்தை தெரியாது எனக்கு, ஆனா குழந்தைப் பிரதிஷ்டைல எங்க ஐயா சொல்லிச் சொல்லிக் கேட்ட வசனம், எங்க நிறுத்துறாங்கன்னு தன்னால தெரிஞ்சுது.

அன்னைக்கு ஜெபத்துலதான் அந்த ஓலையை அசைக்கிறதையும் பாத்தேன், நாலு திசைக்கும் மேலயும் கீழயும். 118ம் சங்கீதத்துல "கர்த்தாவே, இரட்சியும்"ங்கற வசனம் வரும்போது அத்தனை ஓலையும் ஒண்ணா சலசலன்னு ஆடுது. எனக்கு உடனே குருத்தோலை ஞாயிறுதான்! அதே ஓலை, அதே சங்கீதம், "இரட்சியும்"னு அர்த்தம் வர்ற அதே ஓசன்னா. ஆனா ஆண்டவர் கழுதை மேல வந்தது பஸ்காவுக்கு முன்னாடி, வசந்த காலத்துல. இலையுதிர் காலத்துப் பண்டிகையோட ஓலையை அந்த ஜனம் ஏன் அப்ப வெட்டிட்டு வந்துச்சு?

அன்னைக்கு ராத்திரி கூடாரத்துல உக்காந்து இதை ஐயாகிட்ட கேட்டேன். அவர் சொன்னதுல முக்கியமானது இதுதான். கூடாரப் பண்டிகை ராஜாவோட பண்டிகை, அறுப்பு எல்லாம் முடிஞ்சு களஞ்சியம் நிறைஞ்ச பிறகு வர்ற சந்தோஷம். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணினதும் இந்தப் பண்டிகைலதான். கிரேக்க ராஜாக்களுக்கு எதிரா யூதர்கள் எழும்பின மக்கபேயர் காலத்துல எருசலேம் விடுதலையானப்பவும் ஜனங்க ஓலை பிடிச்சுத்தான் கொண்டாடியிருக்காங்க, அது நம்ம பைபிள்ல இல்ல, ஆர்.சி. பைபிள்ல இருக்கு. அதனால இயேசுவைப் பாத்ததும் ஜனம், ராஜா வந்தாச்சு, ரோமன் ஒழிஞ்சான்னு ஓலையைத் தூக்கிடுச்சு. ராஜா வந்தது உண்மைதான், ஆனா அந்த வாரம் அவர் ஆட்டுக்குட்டியா வந்தாரு. பஸ்காவைத் தாண்டிக் குதிச்சு நேரா கூடாரப் பண்டிகைக்குப் போகப் பாத்தாங்கன்னாரு ஐயா. எத்தனையோ குருத்தோலை ஞாயிறு பவனில நடந்திருக்கேன், இந்தக் கோணத்துல யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

அதோட விடல, வெளிப்படுத்தல் 7:9 எடுக்கச் சொன்னாரு. சகல ஜாதி, கோத்திரம், ஜனம், பாஷைக்காரர்லருந்தும் எண்ணமுடியாத திரள்கூட்டம், வெள்ளை அங்கி, கையில குருத்தோலை, நிக்கிறது ஆட்டுக்குட்டியானவருக்கு முன்னாடி. ஓலையும் ஆட்டுக்குட்டியும் அங்க ஒண்ணா வருது.

சீலோவாம் குளத்துக்கும் போனோம். எசேக்கியா ராஜா வெட்டின தண்ணிச் சுரங்கம் 533 மீட்டர், தண்ணிக்குள்ள நடந்து வரணும், இருட்டு, தோள் இடிக்கும், பாட்டியம்மாவை மேலேயே உக்கார வச்சுட்டோம். வெளில வந்தா பழைய குளத்தோட படிக்கட்டு. இந்தப் படிகள் 2004ல கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டும்போதுதான் வெளிப்பட்டுச்சு, அதுவரைக்கும் சுரங்கம் முடியிற இடத்துல இருக்கற சின்னக் குளத்தைத்தான் சீலோவாம்னு காட்டிக்கிட்டிருந்தாங்க. சுத்தி இருக்கறது சில்வான், பாலஸ்தீனக் குடும்பங்க வாழ்ற ஊர், கீழ தோண்டுறது மேல இருக்கறவங்களுக்குப் பெரிய பிரச்சனை, அதையும் சொல்லிடணும்.

ஆலயம் இருந்த காலத்துல இந்தக் குளத்துலேருந்து ஆசாரியன் பொன் ஜாடில தண்ணி மொண்டு, எக்காளம் ஊத, மேல கொண்டு போய் பலிபீடத்துல ஊத்துவாராம். ராத்திரி ஸ்திரீகளோட பிராகாரத்துல பெரிய பெரிய விளக்குத்தண்டு, ஆசாரியர்களோட பழைய துணியைக் கிழிச்சுத் திரி, எருசலேம்ல அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லைன்னு ரபிமார் தொகுத்த மிஷ்னா சொல்லுது, இந்தச் சந்தோஷத்தைப் பாக்காதவன் வாழ்க்கைல சந்தோஷத்தையே பாக்கலைன்னும் சொல்லுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு யோவான் 7ம் அதிகாரத்தைப் படிச்சுப் பாருங்க. பண்டிகையோட கடைசி நாள், ஜனம் பூரா தண்ணியைப் பத்தியே நெனச்சுக்கிட்டிருக்கு, மழைக்காலம் துவங்கப்போகுது, ஆறு மாசமா அந்த ஊர்ல மழையே கிடையாது, அப்ப ஒருத்தர் எழுந்து நின்னு சத்தமா, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்"ங்கறாரு. அடுத்த அதிகாரத்துல "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்". அதுக்கடுத்த அதிகாரத்துல குருடனை இதே சீலோவாமுக்கு அனுப்பறாரு. மூணு அதிகாரமும் அந்தப் படிக்கட்டுல உக்காந்து வாசிச்சோம். பக்கத்துல ஸ்கூல் பசங்க சத்தம், யாரோ சிப்ஸ் சாப்பிட்டுக்கிட்டே செல்ஃபி, அதுக்கு நடுவுலதான்.

இப்ப எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயத்துக்கு வரேன். எக்காளப் பண்டிகை வந்தா போதும், யூடியூப்ல சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுற தேதியை அறிவிச்சுடுறாங்க. 1988ல அமெரிக்கால ஒருத்தர் அந்த வருஷத்து எக்காளப் பண்டிகைலதான் நடக்கும்னு காரணம் அடுக்கி எழுதினாரு, ஒண்ணும் நடக்கல. 2014லயும் 2015லயும் பஸ்காவுக்கும் கூடாரப் பண்டிகைக்கும் வரிசையா நாலு முழு சந்திர கிரகணம் வந்தப்ப என்ன ஆர்ப்பாட்டம்! அந்த நாளையும் நாழிகையையும் ஒருத்தரும் அறியமாட்டாங்கன்னு ஆண்டவர் சொன்னதே எக்காளப் பண்டிகையைத்தான் குறிக்குது, ஏன்னா பிறை கண்ணுல பட்டு ரெண்டு சாட்சி சொன்னாத்தான் அந்த நாள் துவங்கும்னு ஒரு விளக்கம் சுத்துது. பிறைக்கு சாட்சி பாத்தது உண்மை. ஆனா தெரியாதுன்னு சொன்ன வசனத்தை வச்சே தேதி கண்டுபிடிக்கிறது என்ன நியாயம்னு எனக்குப் புரியல. நாங்க வந்த அடுத்த வருஷம், 2023 அக்டோபர் 7, அதே பண்டிகையோட ஏழு நாள் முடிஞ்சு வர்ற எட்டாம் நாள், ஹமாஸ் இஸ்ரேல்ல நடத்தின அந்தப் பயங்கரத் தாக்குதல். அப்புறம் காசால யுத்தம், ரெண்டு பக்கமும் எத்தனை குடும்பம். அதுக்கும் ரெண்டே நாள்ல சார்ட் போட்டு வீடியோ விட்டாங்க. அழவேண்டிய நேரத்துல சார்ட்டு எதுக்கு?

லேவியராகமம் 23ஐ வரிசையா படிங்க. 21ம் வசனத்தோட பெந்தெகொஸ்தே முடியுது. 24ல எக்காளம். நடுவுல இருக்கற இடைவெளிதான் சபையின் காலம்னு எல்லாரும் சொல்றாங்க, சரி. அந்த இடைவெளில 22ம் வசனம் என்ன சொல்லுது? அறுக்கும்போது வயல் ஓரத்தை முழுசா அறுக்காத, சிந்தின கதிரைப் பொறுக்காத, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுடு. அவ்ளோதான். நான் பாத்த எந்தப் பண்டிகை சார்ட்லயும் இந்த வசனம் இல்ல. அப்படி விட்ட கதிரைப் பொறுக்க வந்த மோவாபியப் பெண்தான் ரூத், யூதர்கள் பெந்தெகொஸ்தேக்கு ரூத் புஸ்தகத்தைத்தான் வாசிக்கிறாங்க. யூதரல்லாத நாமும் அந்த வயல் ஓரத்து வழியா உள்ள வந்தவங்கதானே.

கூடாரப் பண்டிகைலயும் அதே கதைதான். எண்ணாகமம் 29ல ஏழு நாளைக்கும் காளைகளைக் கூட்டினா 70 வருது, அது உலகத்துல உள்ள 70 ஜாதிகளுக்காகன்னு ரபிமார் சொல்லியிருக்காங்க. ஏழாம் வருஷ விடுதலை முடிஞ்சு வர்ற கூடாரப் பண்டிகைல நியாயப்பிரமாணத்தை வாசிக்கும்போது வாசல்ல இருக்கற அந்நியனையும் கூட்டிட்டு வான்னு உபாகமம் 31 சொல்லுது, நாங்க போன 2022 கணக்குப்படி அப்படிப்பட்ட வருஷம்தான். சகரியா 14லயோ, எருசலேமுக்கு விரோதமா வந்த ஜாதிகள்ல மீந்தவங்களே வருஷா வருஷம் வந்து ராஜாவைத் தொழுதுகொண்டு கூடாரப் பண்டிகையை ஆசரிப்பாங்கன்னு இருக்கு. சண்டைக்கு வந்தவனுக்கும் அழைப்பு.

நாமும் வீட்டுல கூடாரம் கட்டணுமான்னு திரும்பி வந்ததும் சபைல நிறைய பேர் கேட்டாங்க. சிலர் ஷோஃபார்ங்கற ஆட்டுக்கொம்பு எக்காளம் எல்லாம் வாங்கி ஊத ஆரம்பிச்சிருக்காங்க. கொலோசெயர் 2:16ல பண்டிகை நாளைக் குறிச்சு ஒருத்தனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாகன்னு இருக்கு, கட்டலைன்னு யாரும் குறை சொல்ல முடியாது, ஆசையா கட்டுறவங்களை நான் தடுக்கவும் மாட்டேன், ஆனா அதைக் கட்டினாத்தான் ரட்சிப்புன்னு யாராவது ஆரம்பிச்சா அந்தப் பக்கம் போகாதீங்க. எங்க சபைல கட்டல. எங்க சபைல விளைச்சலைக் காணிக்கையா குடுத்து ஏலம் விடுற அறுப்பின் பண்டிகைல வர்ற காசுல ஒரு பங்கை எடுத்து பக்கத்துல கட்டட வேலைக்கு வந்திருக்கற வடமாநிலக் குடும்பங்களுக்கு அரிசி வாங்கிக் குடுக்கலாம்னு எங்க பயணக் கதையைக் கேட்டுட்டு செயலாளர் அண்ணன் சொன்னாரு, கமிட்டில இன்னும் பேச்சு ஓடுது, ஏலப் பணத்தைத் தொடக்கூடாதுன்னு ரெண்டு பேர் முறுக்கிட்டு நிக்கிறாங்க.

போற ஐடியா இருக்கறவங்க முதல்ல பாதுகாப்பு நிலவரத்தைப் பாத்துக்கோங்க. அப்புறம் பண்டிகை முதல் நாளும் எட்டாம் நாளும் ஓய்வுநாள் மாதிரி, பஸ் ஓடாது, யூதர்கள் கடை பூரா மூடியிருக்கும், கைல பிஸ்கட் வச்சுக்கோங்க. ஓலிவ மலைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிடுங்க. சுரங்கத்துக்கு டார்ச்சும் ரப்பர் செருப்பும் கண்டிப்பா வேணும், புடவையோட இறங்கிடாதீங்க.