சாத்திரிமாரோ நாங்கள்?

ஒயின் பாட்டிலை ஸ்கேன் செய்ததும் செல்ஃப் செக்அவுட் கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மது வாங்கினால் வயசைச் சரிபார்க்க எப்போதும் எரிவதுதான். கடை ஆள் யாராவது தூரத்திலிருந்தே என் முன்நெற்றி நரையைப் பார்த்துவிட்டுக் கையிலிருக்கும் கருவியைத் தட்டுவார், விளக்கு பச்சையாகும், நான் கிளம்பிவிடுவேன். அன்றைக்கு வந்தவன் ஒரு பையன். மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் முகம்.

"ஐடி இருக்கா?"

எனக்கு வயசு 37. உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. நவம்பர் குளிருக்குக் காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. நரை உள்ளே இருந்தது. குல்லாவைக் கழற்றிக் காட்டினேன். காது வரை சிவந்து போனான் பாவம். "மன்னிச்சிடுங்க, கேட்டுட்டேன், இனிமே பார்க்காம விடமுடியாது" என்றான். பின்னால் வரிசையில் யாரோ தமிழில் பேசுவது கேட்டது. நான் திரும்பவில்லை.

பர்ஸில் இருந்தது ஒன்றே ஒன்று: பிஆர்பி. பிரிட்டனில் வசிக்க அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்குத் தந்த அட்டை. போட்டோ, பிறந்த தேதி, மின்னும் ஹாலோகிராம் எல்லாம் உண்டு. பல வருஷம் அதைக் காட்டித்தான் சமாளித்தேன். ஆனால் அதில் அச்சிட்ட கடைசித் தேதி 31 டிசம்பர் 2024. இப்போது எங்கள் அனுமதியெல்லாம் இணையத்தில், ஈவிசா என்ற பெயரில். வீட்டுக்காரருக்கும் வேலை கொடுப்பவருக்கும் ஒரு குறியெண் அனுப்பினால் போதும். ஒயினுக்கு அது செல்லாது. போனைத் திறந்து காட்டினேன். பையன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். அந்தம்மாவும் அதையே சொன்னார். காலாவதியான அட்டை வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது டிரைவிங் லைசென்ஸ். பாஸ்போர்ட் வீட்டில் சூட்கேஸுக்குள். லைசென்ஸ் கிடையாது, கார் ஓட்டும் ஆசையும் கிடையாது.

பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, தயிரும் ஸ்பாஞ்சும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அதே கேள்வியை ஆயிரம் முறையாவது கேட்டவள்தான்.

2011, 2012இல் எம்எஸ்சி படிக்கும்போது வார இறுதிகளில் லண்டனில் ஓர் ஆஃப் லைசென்ஸ் கடையில், அதாவது வீட்டுக்கு வாங்கிப் போக மது விற்கும் கடையில், கல்லாவில் நின்றேன். கடை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையுடையது. கல்லாவுக்குப் பின்னால் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்று, "25 வயசுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாளம் கேட்போம்" என்ற போஸ்டர். மற்றது அண்ணை கையாலேயே எழுதியது: அன்றைய தேதியிலிருந்து சரியாக 18 வருஷம் முந்தைய தேதி. தினமும் காலையில் மாற்றுவார். அட்டையில் இருக்கும் பிறந்த தேதி அதற்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்தால் போதும், மனக்கணக்கு வேண்டாம்.

எனக்கு அப்போது 23, 24. வேறு கடைக்குப் போனால் என்னையே கேட்பார்கள்.

இந்த 25 என்ற எண்ணைப் பற்றி ஒரு விஷயம். கடைக்காரர்கள் "சட்டம் அப்படி" என்று சொல்வது இங்கிலாந்தில் பாதி உண்மை. சட்டம் சொல்லும் வயசு 18தான். மது விற்க உரிமம் உள்ள ஒவ்வொரு கடைக்கும் வயசைச் சரிபார்க்கும் கொள்கை ஒன்று 2010 முதல் கட்டாயம். எந்த வயசுத் தோற்றம் வரை கேட்பது என்பதைக் கடையே முடிவு செய்யலாம். ஸ்காட்லாந்தில்தான் 2011 அக்டோபர் முதல் 25 என்பதே சட்டம். எங்கள் கடையில் போஸ்டரே சட்டம்.

ஏன் ஏழு வருஷ இடைவெளி என்று எனக்குப் புரிந்த நாள் 2012 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ஒலிம்பிக்ஸ் முடிந்திருந்த சமயம். உயரமான வெள்ளைக்காரப் பெண். மை தீட்டிய கண், தோளில் பெரிய பை. ஒரு சைடர் (ஆப்பிள் மது) பாட்டில், ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ். எனக்கு 26 என்று தோன்றியது. பிப் பிப் என்று அடித்தேன், சில்லறை கொடுத்தேன், போய்விட்டாள். இரண்டே நிமிஷத்தில் இரண்டு பேர் உள்ளே வந்து அட்டையை நீட்டினார்கள். டெஸ்ட் பர்ச்சேஸ்: வயசு கேட்கிறோமா என்று பார்க்க அதிகாரிகளே ஒரு சின்னவரை அனுப்பி வாங்கச் சொல்லும் சோதனை. அவளுக்கு 16.

எனக்கு 80 பவுண்டு அபராதம். கடைக்கு இல்லை, எனக்கு. விற்றது என் கைதானே. அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6 பவுண்டு 8 பென்ஸ். பதின்மூன்று மணிநேரம் நின்ற காசு. (அடுத்த வருஷமே அதை 90 ஆக்கினார்கள். சீக்கிரமே மாட்டிக்கொண்டதில் 10 பவுண்டு லாபம்.) கடைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை நடந்தால் அது தனிக் குற்றம். இரண்டு வாரம் வரை மது விற்பனையை நிறுத்தலாம், உரிமத்துக்கே ஆபத்து வரலாம்.

அண்ணை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஷட்டரை இறக்கும்போது சொன்னார்: "நீ வயசு எத்தினையெண்டு கேட்டிருந்தா அவள் பதினாறெண்டுதான் சொல்லியிருப்பாள் பிள்ளை. அந்தப் பிள்ளையளைப் பொய் சொல்ல விடமாட்டினம். ஒரு கேள்விதானே." கொஞ்ச நேரம் கழித்து, "முகத்தைப் பாத்து வயசு சொல்ல நாங்கள் என்ன சாத்திரிமாரோ?"

சாத்திரிமார் என்றால் அவர் ஊர்ப் பேச்சில் ஜோசியர்கள். இன்றுவரை அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மாநிற முகங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு தமிழ்ப் பெண் பத்தாவதா, காலேஜா, கல்யாணமாகி இரண்டு பிள்ளையா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். வெள்ளை முகங்களில் 16க்கும் 26க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்கு என் முகமும் அப்படித்தான். 37ஐப் பார்த்து 24 என்று நினைத்த பையன் என்னைப் புகழவில்லை. அவனுக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். "உன்னை இன்னும் சின்னப் பொண்ணுன்னு நினைச்சிருக்கான், சந்தோஷப்படு" என்று ஆபீஸில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை.

சட்டமும் கல்லாவில் நிற்பவரிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறது. விற்றுவிட்ட பிறகு தப்பிக்க இரண்டு வாசல் உண்டு. வயசைத் தெரிந்துகொள்ள நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தேன், அவர் 18 தாண்டியவர் என்றே நம்பினேன் என்று காட்டலாம். அல்லது, அந்தத் தோற்றத்தைப் பார்த்து யாருமே சந்தேகப்பட்டிருக்க முடியாது என்று வாதாடலாம். இரண்டாவது வாசலை நம்பி நான் 80 பவுண்டு கட்டினேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எல்லோரையும் கேட்டேன். சந்தோஷப்படுபவர்கள் முப்பதைத் தாண்டியவர்கள். சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் 22இலிருந்து 25 வரை; குழந்தைப் பருவம் அப்போதுதான் முடிந்திருக்கும், அதைத் திருப்பிக் கையில் கொடுத்தால் கோபம் வராதா? ஒருவர் சில்லறையை என் பக்கம் வீசினார். மறுத்த ஒவ்வொரு விற்பனையையும் ரெஃப்யூசல் புக்கில் எழுத வேண்டும்: தேதி, நேரம், என்ன கேட்டார், ஆள் எப்படி. "நீலக் கோட்டு, மூக்கில் வளையம், கதவை அடித்துச் சாத்தினார்" என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. என் ஆங்கிலம் வளர்ந்தது அந்த நோட்டில்தான்.

இந்த நாட்டின் விசித்திரம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் அடையாள அட்டை என்று 2006இல் சட்டம் போட்டு, சுதந்திரத்துக்கு ஆபத்து என்று பெரிய சண்டை நடந்து, 2010இல் அதையே ரத்து செய்தார்கள். ஆகவே அட்டை கட்டாயமில்லை. ஆனால் 25 தோற்றத்தில் ஒரு பாட்டில் வாங்க ஏதோ ஓர் அட்டை வேண்டும். வழி? கார் ஓட்டாதவர்களும் பழகுநர் லைசென்ஸ் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள்.

நானும் வாங்கினேன். இணையத்தில் 34 பவுண்டு. போட்டோவில் குல்லா இல்லை.

போன வெள்ளிக்கிழமை அதே கடை, அதே ஒயின், அதே சிவப்பு விளக்கு. அதே பையன். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டான். நல்ல பிள்ளை, அண்ணைக்குப் பிடித்திருக்கும். அட்டையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தான், விரலால் தடவினான், தேதியைப் படித்தான்.

"1988. எங்கம்மாவும் அதே வருஷம்."

பிறகு சங்கடமாகச் சிரித்துக்கொண்டே மேற்பார்வையாளரை அழைக்கும் பொத்தானை அழுத்தினான். ஏன் என்று கேட்டேன். 18 ஆகாதவர் மது விற்றால் பொறுப்பிலுள்ள பெரியவர் ஒருவர் சரி சொல்ல வேண்டுமாம். அவனுக்கு பிப்ரவரியில்தான் 18.