லேபிளை விட்டு வந்து மிக்ஸ்டேப் போட்ட கதை

ராப் பாடுகிற நான், பாட்டுகளை வெளியிடும் நிறுவனமான லேபிளை விட்டு வரும்போது விடுவிப்புக் கடிதம் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இனி நான் வெளியிடும் எதிலும் அவர்களுக்குப் பங்கில்லை, மேடைப் பெயர் என்னுடையது. எனக்கு வேண்டியது இந்த இரண்டு வரிதான். பழைய பாட்டுகளின் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, அவர்களிடமே இருக்கிறது. காசு போட்டுப் பதிவு செய்தவர்கள் அவர்கள், அதில் சண்டை போட்டுப் பயனில்லை.

ஆனால் வரிகளை எழுதியவன் நான். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியர் தன் ராயல்டிப் பங்கை லேபிளுக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வெளியே வந்த கையோடு, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிப் பழைய பாட்டுகளையும் பதிந்தேன். ராப் பாடுகிற பசங்க பலர் இதைச் செய்வதில்லை. தாங்களும் பாடலாசிரியர்தான் என்கிற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை.

அப்புறம் பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை. ஒரு காலத்தில் மிக்ஸ்டேப் என்கிற பாட்டுத் தொகுப்பு என்றால் அடுத்தவர் பீட்டில் பாடி, சிடி அடித்துத் தெருவில் விடுவதுதான். 2007இல் அட்லாண்டாவில் மிக்ஸ்டேப்புக்குப் பேர்போன டிஜே டிராமாவின் இடத்துக்குள் போலீஸ் புகுந்து சிடிகளை அள்ளிக்கொண்டு போனது. இன்று போலீஸ் வராது, 'இது என் பாட்டு' என்று யூடியூபில் உரிமை கோரும் கிளெய்ம் வரும். நெட்டில் லீஸுக்கு, அதாவது பயன்படுத்தும் உரிமைக்கு மட்டும், கிடைக்கும் பீட்டை நம்மைப் போலவே இன்னும் பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். அப்படி வாங்கிய ஒருவர் தன் பாட்டை, ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்த்துவிட்டார். லீஸ் நிபந்தனையில் அது கூடாது என்றுதான் இருந்தது. நான் வீடியோ ஏற்றிய மறுநாளே கிளெய்ம் விழுந்தது. லைசென்ஸ் எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதி அதை மறுத்து உடனே டிஸ்பியூட் போட்டேன். ஐந்து நாளுக்குள் போட்டால் முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யூடியூப் தனியாக நிறுத்தி வைக்கும். எதிராளி பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அவர் வாயே திறக்கவில்லை, கிளெய்ம் தானாகக் கழன்றது.

மீதிப் பாட்டுகளுக்கு வியாசர்பாடித் தம்பி ஒருவனிடம் பீட் செய்யச் சொன்னேன். "எதுக்குண்ணே நமக்குள்ள பேப்பர்?" என்று சிரித்தான். நமக்குள் என்பதால்தான் பேப்பர் என்று சொல்லி, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பாட்டை ஸ்பாடிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அமெரிக்க நிறுவனம். டபிள்யூ-8பென் என்கிற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால், அமெரிக்காவில் ஓடும் பாட்டுக்கு 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். பெரிய தொகையில்லை, இருந்தாலும் நம் காசு.

ரொம்பத் தலைவலி தந்தது ஸ்பாடிஃபையில் என் பெயரில் இருக்கும் பக்கம்தான். அதன் அட்மின் பழைய லேபிளின் ஆள். ஃபோனுக்கும் மெயிலுக்கும் பதில் வராமல் போக, அடையாள அட்டையோடு நேராக ஸ்பாடிஃபைக்கே எழுதி வாங்கினேன். அதற்குள் முதல் சிங்கிள், என் பெயரிலேயே புதிதாக முளைத்த ஒரு காலிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஏற்றும்போதே பழைய பக்கத்தின் லிங்க்கைக் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு இடம் மாற்றுவது தனி அலைச்சல்.

அம்மாவின் வாய்ஸ் நோட் ஒன்றைத் பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சுத் துண்டாக, தனி ஸ்கிட்டாக வைக்க ஆசைப்பட்டேன். 22 விநாடி. 30 விநாடி ஓடினால்தான் ஸ்பாடிஃபையில் ஒரு ஸ்ட்ரீம், அதாவது ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டாத டிராக்குக்குக் காசும் கிடையாது. அதனால் அதை மூன்றாம் பாட்டின் தலையில் ஒட்டினேன். அம்மா திட்டி முடித்ததும் கிக் டிரம் விழுகிறது. கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான்.

ஸ்பாடிஃபை ஆட்களே தொகுக்கும் எடிட்டோரியல் பிளேலிஸ்ட் எதிலும் இடம் கிடைக்கவில்லை. பழைய பாட்டுகளின் கணக்கு லேபிளிலிருந்து இன்னும் வரவில்லை. அதற்கு வக்கீல் நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருக்கிறது.