மாடு எங்க டீச்சர்?

சீர்காழிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை எத்தனையோ இடங்களுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். முதல் தஞ்சாவூர்ப் பயணம் மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது.

அது ஐப்பசி மாதம். வேன் பேசி, தலைக்கு 350 ரூபாய் வசூல் செய்தோம். பெரிய கோயில், அரண்மனை, பூங்கா, கல்லணை, இன்னொரு அருங்காட்சியகம் என்று ஒரே நாளில் ஐந்து இடம். கடைசியாகப் போன அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் "என்னவெல்லாம் பார்த்தீங்க?" என்று கேட்டேன். வேனில் போட்ட பாட்டைச் சொன்னார்கள், ஐஸ் வண்டியைச் சொன்னார்கள். சிலையைப் பற்றி ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய வருத்தம், 31 பேரில் ஒன்பது பேர் வரவே இல்லை. ஒரு பெண் பிள்ளை காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து, "பெரிய கோயில் நந்தி எவ்வளவு பெருசு டீச்சர்?" என்று கேட்டாள். காய்ச்சல் வந்த முகமாக இல்லை அது. ஐப்பசியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கடன் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகளில் 350 ரூபாய்க்கு எங்கே போவார்கள்? இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். சின்னப் பிள்ளைகளை ஒரு பொருளைப் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும், ஒரே ஒரு பொருள். அதை நன்றாகப் பார்த்தால் போதும். ஐந்து இடம் போகாவிட்டால் வேனும் வேண்டாம், செலவும் பாதிக்குக் கீழே வந்துவிடும்.

நான் தேர்ந்தெடுத்தது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவனின் வெண்கலச் சிலை. எங்களுக்குப் பக்கத்து ஊரான திருவெண்காட்டுச் சாமி அவர். ராஜராஜன் காலத்தில், 1011 இல் செய்தது என்று அந்தக் கோயில் கல்வெட்டை வைத்துச் சொல்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தவர். எங்கள் ஊர் மண்ணில் கிடைத்தவரை எங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லை என்றால் எப்படி?

போவதற்கு இரண்டு வாரம் முன்பே வேலை தொடங்கிவிட்டது. இந்த மாதிரிச் சிலையை எப்படிச் செய்வார்கள் என்று காட்ட நினைத்தேன். மெழுகுவத்தியைக் கையில் வைத்து இளக்கி, பிள்ளைகள் ஆளுக்கொரு மீன் செய்தார்கள். அதை வாய்க்கால் வண்டலால் மூடி, வால் பக்கம் ஒரு துளை விட்டு, நிழலில் காயவைத்தோம். சத்துணவு அக்கா அடுப்புத் தணலில் பதமாகச் சூடு காட்டினார். துளை வழியாக மெழுகு சொட்டுச் சொட்டாக வடிந்தது. ஓர் உருண்டையை உடைத்துக் காட்டினேன். உள்ளே மீனைக் காணோம், மீன் இருந்த பள்ளம் மட்டும் இருந்தது. "இந்தப் பள்ளத்துலதான் உலோகத்தைக் காய்ச்சி ஊத்துவாங்க. ஆறினதும் மண்ணை உடைச்சு எடுத்துடுவாங்க" என்றேன். "அப்ப அதே மாதிரி இன்னொண்ணு செய்ய முடியாதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். முடியாது என்றதும் வகுப்பே சிறிது நேரம் அமைதியானது. செலவு இரண்டு பாக்கெட் மெழுகுவத்தி.

பயணத்தை மாசியில் வைத்தோம். சம்பா அறுப்பு முடிந்து உளுந்து பிடுங்கத் தொடங்கும் முன், கையில் கொஞ்சம் காசும் அம்மாக்களுக்குக் கொஞ்சம் ஓய்வும் இருக்கும் நாட்கள் அவை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அதனால் துணைக்கு வந்த அம்மாக்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மயிலாடுதுறை வரை செலவில்லாமல் போயிற்று. அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பாசஞ்சர் ரயில். 5 வயதிலிருந்து 12 வயதுக்குள் அரை டிக்கெட்தான். ரயில் சுவாமிமலையில் நின்றபோது, "இந்த ஊர்லதான் இன்னைக்கும் மெழுகுல சிலை செய்யறாங்க" என்று சொன்னேன். எல்லாரும் ஒரே ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாப்பாடு தூக்குவாளிகளில் புளி சாதம். எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கியது. முடிந்தவர்கள் கொடுத்தார்கள், மீதியை ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் போட்டோம். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று பெயர் எழுதி வைக்கவில்லை. ஒரு பிள்ளையும் வீட்டில் தங்கவில்லை.

கலைக்கூடத்துக்கு இரண்டு முறை போன் செய்து, திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் உறுதி செய்திருந்தேன். உள்ளே போனதும் மற்ற சிலைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ரிஷபவாகனர் முன்னால் தரையில் உட்கார வைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, அதில் பாம்பு. காலைப் பின்னிக்கொண்டு ஒயிலாக நிற்கிறார். ஒரு கை மட்டும் அந்தரத்தில் மடங்கியிருக்கிறது.

ஐந்து நிமிடம் போயிருக்கும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டில் மாடு மேய்க்கிறவன், "மாடு எங்க டீச்சர்?" என்றான்.

மாடு கிடைக்கவில்லை. அந்தக் கை சாய்ந்திருந்த காளை இல்லாமல்தான் அவர் நிற்கிறார். நான் இதைச் சொல்வதற்குள் அவன் எழுந்துவிட்டான். காலைப் பின்னி, கையை மடக்கி, அதே மாதிரி நின்று பார்த்தான். இன்னொருவனைக் குனியச் சொல்லி அவன் முதுகில் கையை வைத்தான். சரியாக வரவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏறுடா." அப்புறம் சிலையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக் கன்னுக்குட்டி உசரம்தான் டீச்சர் இருந்திருக்கும்" என்றான். அதற்குள் ஒவ்வொருவரும் எழுந்து மாட்டின் கொம்பு, திமில், மணி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். காவலுக்கு நின்ற பெரியவர் கிட்டே வந்தார். அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தாளும் பென்சிலும் கொடுத்து, இல்லாத மாட்டை வரையச் சொன்னேன். கோடிட்ட இடங்களை நிரப்பும் கேள்வித் தாளைப் பயணத்தில் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். அதைக் கொடுத்தால் பிள்ளைகள் பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதுவார்கள், சிலையைப் பார்க்க மாட்டார்கள். அரை மணி நேரத்தில் 28 மாடுகள் வந்தன. ஒன்று எங்கள் ஊர் உம்பளச்சேரி மாடு, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு.

கிளம்பும் முன் அரண்மனையில் இருக்கும் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் காட்டினேன். அது தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. விலா எலும்புகளை எண்ணிக்கொண்டே நடந்தார்கள்.

வரும் மாசிக்குத் தரங்கம்பாடிக் கோட்டை. டேனிஷ்காரர்கள் 1620 இல் கட்டியது. அங்கே எந்த ஒரு பொருளின் முன்னால் பிள்ளைகளை உட்கார வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. போன சனிக்கிழமை தனியாகப் போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். இன்னொரு தடவை போக வேண்டும்.