சுங்கை சிப்புட் பட்டறையில் மினியின் சப்ஃபிரேம்கள்

மலேசியாவின் ஈப்போவைத் தாண்டி வடக்கே செல்லும் இடிஎஸ் மின்ரயில், சுண்ணாம்புக்கல் குன்றுகளையும் செம்பனைத் தோட்டங்களையும் கடந்து சுங்கை சிப்புட்டில் நிற்கிறது. மலேசிய இந்தியர்களின் தலைவர்களுள் ஒருவரான துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் என்பதால் இதைத் தேடி வருவோர் உண்டு. நான் வந்தது என்னுடைய 1974ஆம் ஆண்டு மினி காருக்கு முன்பக்கச் சப்ஃபிரேம், அதாவது எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டம், வாங்குவதற்காக. ஒரு தோட்டத்தின் நுழைவுச் சாலையை ஒட்டி, ஒட்டுக்கடைக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் மூன்று சட்டங்கள் கிடப்பதாகத் தெரியவந்ததால், அவற்றில் எது என் காருக்கு உரியது என்பதை நேரில் பார்த்தே முடிவு செய்ய விரும்பினேன்.

1959இல் வெளிவந்த மினியில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பெட்டியை அதன் அடியிலேயே அமைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெயை ஓடவிட்டார். இந்தப் பாரத்தையும் முன்சக்கரங்களின் சஸ்பென்ஷனையும் சேர்த்துச் சுமப்பது முன்பக்கச் சப்ஃபிரேம்தான். மினியின் தயாரிப்பு 2000 வரை நீடித்தது. இடையில் இந்தச் சட்டமும் மாறியது. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால், விற்பவர் நல்லவராகவே இருந்தாலும் தவறான சட்டம் கைமாறிவிடும்.

பட்டறையின் போமன் (மெக்கானிக்) முதலில் என்னைச் சட்டங்களின் பக்கம் அழைக்கவில்லை. பழுதுக்கு வந்து நின்ற ஒரு மினியின் பானெட்டைத் திறந்து, "தம்பி, கீழ படுத்துப் பாக்குறதுக்கு முன்னாடி மேல பாருங்க" என்றார். எஞ்சினுக்குப் பின்னால், காரின் அகலத்துக்கு ஓடும் குறுக்குப் பாகத்தின் இரு முனைகளிலும் சப்ஃபிரேமின் கோபுரங்கள், அதாவது மேல்நோக்கி எழும் பகுதிகள், பூட்டப்பட்டிருக்கும். 1976க்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு கோபுரத்துக்கும் இரண்டு போல்ட்டுகள். அவை கழலாமல் இருக்க அடியில் ஒரு தகடு, அதன் காது போல்ட்டின் தலையோடு சேர்த்து மடக்கப்பட்டிருக்கும். 1976 முதல் சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் வைக்கப்பட்டது. அப்போதிருந்து பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய போல்ட். அதைக் கழற்றும் சாக்கெட் சாதாரணக் கருவிப் பெட்டிகளில் இருக்காது. இரண்டா, ஒன்றா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். உடலில் உள்ள துளைகளும் சட்டத்தோடு பொருந்த வேண்டும் என்பதால், யாரேனும் காலம் மாறிய சட்டத்தைப் பொருத்தியிருந்தால் புதிதாகத் துளைத்த அடையாளமோ வெல்டிங் தழும்போ அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பழைய மினி வாங்குவோர் வேறு எதைப் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

சுவரோரம் சாய்த்திருந்த முதல் சட்டத்தின் கோபுர உச்சியில் ஒற்றைப் பெருந்துளை இருந்தது. என் காருக்கு அது ஆகாது.

இரண்டாவதில் துளைகள் இரண்டு. ஆனால் கோபுரத்துக்குள் துருப்பிடித்த உருளை ஒன்று இறுகிக் கிடந்தது; அதிலிருந்து தடித்த ரப்பர்க் குழாயின் மிச்சம் வெளியே நீண்டிருந்தது. அது ஹைட்ரோலாஸ்டிக் எனும் திரவ சஸ்பென்ஷன். 1964இல் மினி சலூன்களுக்கு வந்த இந்த அமைப்பில் முன்சக்கரமும் அதே பக்கத்துப் பின்சக்கரமும் குழாயால் இணைக்கப்பட்டு, தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவம் இரண்டுக்கும் இடையே போய்வரும். தனியாக ஷாக் அப்சார்பர் கிடையாது. 1971க்குள் சலூன்கள், பொறியாளர் அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த, ஸ்பிரிங்காக இயங்கும் பழைய ரப்பர்க் கூம்புகளுக்கே திரும்பிவிட்டன; ஆகவே 1974ஆம் ஆண்டு என் காருக்கு இதுவும் ஆகாது. வேன்களும் பிக்கப்களும் அந்தக் கூம்புகளை விட்டு விலகவே இல்லை.

மூன்றாவது சட்டம்தான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. இரண்டு துளைகள், ரப்பர்க் கூம்புக்கான கோபுரம், அடிப்பகுதியில் விரிசல் இல்லை. ஆனால் அது ஆட்டோ கியர் காரிலிருந்து கழற்றியது என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். 1965இல் ஏபி (ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ்) நிறுவனத்தின் நான்கு வேகத் தானியங்கிக் கியர்பெட்டி மினிக்கு வந்தது. அதன் உறை கைக்கியர் பெட்டியின் உறையைப் போன்றதல்ல என்பதால், உதிரிபாகப் பட்டியல்களில் இரண்டுக்கும் சப்ஃபிரேம்கள் தனித்தனியாகவே இடம்பெறுகின்றன. வெறும் சட்டத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூடவே கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே உறுதியான வழி. போமன் ஒரு சாக்குப்பையை அவிழ்த்தார். கிரீஸ் காய்ந்து கறுத்திருந்த, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்முனையில், அக்காலச் சாதாரணக் கைக்கியர் மினிகள் பலவற்றில் இருக்கும் ரப்பர்ச் சிலுவைக்கும் யு வடிவப் போல்ட்டுகளுக்கும் பதிலாக, ஊசி பேரிங் கொண்ட இரும்பு இணைப்பு இருந்தது. மினியின் வேக வகையான கூப்பர் எஸ்ஸிலும் அந்த இணைப்பு உண்டு. ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பையின் அடியில் தானியங்கிக் கியரைத் தேர்ந்தெடுக்கும் கேபிளும் இருந்ததால் ஐயம் தீர்ந்தது.

முன்பு ஒதுக்கிய இரண்டில் கைக்கியர்ச் சட்டமான ஒன்றை அதன் பக்கத்தில் கிடத்தி, கியர்பெட்டி இறங்கும் இடத்தை நாடாவால் அளந்து பார்க்கும்படி போமனைக் கேட்டேன். அவர் மறுக்காமல் அளந்தார். அளவுகள் ஒத்துவரவில்லை. அந்தச் சட்டத்தை வாங்கவில்லை. 1976க்கு முந்தைய கைக்கியர்ச் சட்டம் வந்தால் கோபுரத்தையும் கூடவே கழற்றிய ஷாஃப்டையும் படமெடுத்து அனுப்பும்படி சொல்லி, என் எண்ணைக் கொடுத்துவிட்டு மாலை ரயிலைப் பிடித்தேன்.