மோட்டாரை நிறுத்திவிட்டு

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரத்தநாடு பக்கம் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளக்கப் போவேன். மழை பெய்த ஒரு மாதத்தில் ஒரு கிணற்றில் மட்டும் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தது. நான்தான் தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்தேன். போன மாதக் கணக்கை ஒட்டி எழுதிவிடட்டுமா என்று வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். ஓய்வுபெற்று எங்களோடு தஞ்சாவூரில் இருந்தார். பதில் சொல்லாமல் சட்டையை எடுத்து மாட்டினார்.

கிணற்றடிக்குப் போனதும் அவர் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார். பக்கத்து வயலில் போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "மோட்டார் ஓடுறப்ப அளந்தா அது இழுக்கிற பள்ளத்தைத்தான் அளப்பேம்மா." வயல்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, வரப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு இரும்பு டேப்பின் அடிப்பகுதியில் சாக்பீஸ் தடவி இறக்கினார். நனைந்த நீளம் மட்டும் நிறம் மாறியிருக்கும். இறக்கிய நீளத்தில் அதைக் கழிக்க வேண்டும். இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் எழுதவிட்டார்.

அப்பா நெய்வேலியில் சுரங்கப் பொறியாளர். சுரங்கம் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பக்கெட் வீல் இயந்திரத்தைப் பார்த்து மலைத்து நிற்பார்கள். அப்பா பேசியதெல்லாம் பம்புகளைப் பற்றி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும். மேல்மண்ணை அள்ள அள்ள, அதை அமுக்கியிருந்த பாரம் குறைகிறது. அழுத்தத்தை இறைத்துத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பீறிடும். அதனால் இரவு பகலாக இறைக்க வேண்டும். நடு ராத்திரி போன் அடித்தால், "பம்பு நின்னிருக்கும்" என்று அம்மாவே சொல்லிவிடுவார்.

2019-ல் அப்பா போய்விட்டார். 2023-ல் சுரங்கம் தோண்ட மத்திய அரசு வெளியிட்ட நிலக்கரி ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரி வந்தது. காவிரி டெல்டா 2020-லேயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகியிருந்தும் வந்தது. அந்த வாரம் பெரியப்பா வடசேரியிலிருந்து போன் செய்தார். "உங்கப்பன் இருந்தா அவனைக் கேட்டிருப்பேன். நீ சொல்லு, நம்ம தண்ணி என்னாகும்?"

அப்பா சுரங்கத்தை எதிர்த்துப் பேசியிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையை அவர் அவ்வளவு நேசித்தார். ஆனால் தண்ணீர்க் கணக்கில் யாருக்காகவும் ஒரு எண்ணை மாற்றியிருக்க மாட்டார். "வடசேரிக்கு அடியில எவ்வளவு அழுத்தம்னு அளக்காம சொல்ல முடியாது பெரியப்பா. நெய்வேலியப் பத்தி அப்பா சொன்னது தெரியும். குழி இருக்கிற வரைக்கும் பம்பு நிக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப நம்ம போரு?"

பக்கத்து வயல் மோட்டாருக்கே இரண்டு மீட்டர் இறங்கிய அந்தக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன்.

ஏப்ரலிலேயே பட்டியலிலிருந்து வடசேரியை எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் அளக்கப் போனபோது பெரியப்பா வரப்பில் காத்திருந்தார். "விடியக்காலமே மோட்டாரை நிறுத்திட்டேன். நல்லா பாத்து அள" என்றார்.

இரண்டு தடவை அளந்தேன்.